அயர்ன் மெய்டன் திறந்தவெளிக் கச்சேரிக்கு முதல்முறை போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1975 கிறிஸ்துமஸ் நாளில் கிழக்கு லண்டனில் பாஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டன் இன்றும் கால்பந்து மைதானங்களை நிரப்புகிறது. ஐம்பதாண்டு நிறைவை ஒட்டிய ‘ரன் ஃபார் யுவர் லைவ்ஸ்’ சுற்றுப்பயணம் 2025 மே 27 அன்று புடாபெஸ்டில் தொடங்கியது. ஐரோப்பாவில் கோடைக் கச்சேரிகள் பெரும்பாலும் திறந்தவெளியில்தான் நடக்கும். அங்கே வாழும் தமிழ் ரசிகர்களும், ஊரிலிருந்து விமானம் ஏறிப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள்.

நிற்கும் டிக்கெட் எடுப்பதா, இருக்கை எடுப்பதா?

தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் காலில் நிற்க முடியுமா என்பதை முதலில் யோசியுங்கள். கச்சேரி 2 மணி நேரம்தான். ஆனால் வாசல் திறப்பதிலிருந்து கணக்குப் போட்டால் துணைக் குழுக்கள், மேடை மாற்றும் இடைவெளி எல்லாம் சேர்ந்து ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். முட்டி வலியோ முதுகு வலியோ உள்ளவர்கள் வெட்கப்படாமல் இருக்கை எடுக்கலாம். மெய்டன் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும், யாரும் கேலி செய்யமாட்டார்கள்.

இருக்கை எடுப்பவர்கள் மைதான வரைபடத்தில் மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கும் பகுதிகளைத் தவிர்ப்பது நல்லது. மேடைக்கு அருகில் இருப்பதுபோலத் தெரிந்தாலும், தொங்கவிட்ட ஒலிபெருக்கிகள் பின்திரையையும் எட்டியையும் மறைத்துவிடும். எட்டி என்பது ஒவ்வொரு ஆல்பத்தின் அட்டையிலும் வரும் அந்த எலும்புக்கூட்டு உருவம். மேடையில் ஆள் உயரத்தைவிடப் பெரிதாக நடந்து வரும். அதைப் பார்க்காமல் திரும்புவதற்கு வீட்டிலேயே ரெக்கார்டு கேட்கலாம். மேடைக்கு நேர் எதிரே மேல் அடுக்கு கிடைத்தால் கீழ் அடுக்கின் ஓரத்தைவிட அதுவே மேல்.

நிற்கும் டிக்கெட்டிலும் பல மைதானங்களில் இரண்டு வகை உண்டு. மேடையை ஒட்டிய முன்பகுதிக்குக் கூடுதல் விலை. வாங்கும் பக்கத்தில் எந்தப் பகுதி என்பதைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே போன பிறகு மாற்றித் தரமாட்டார்கள்.

எங்கே நின்றால் பாட்டு நன்றாகக் கேட்கும்?

முன்வரிசையில் என்பது பலரின் நினைப்பு. உண்மையில் சவுண்டு மோசமாக இருப்பது அங்கேதான். பிரதான ஒலிபெருக்கிகள் மேடையின் இருபுறமும் உயரத்தில் வளைந்த சரமாகத் தொங்கும். அவை தொலைவில் நிற்பவர்களைக் குறிவைத்தவை. முன்வரிசைக்கு நேரே டிரம்மின் அடியும், மேடை ஓரத்தில் வைத்த சிறு ஒலிபெருக்கிகளும்தான் அதிகம் கேட்கும். பாடகர் புரூஸ் டிக்கின்ஸனின் குரல் தலைக்கு மேலே பறந்து போய்விடும்.

மைதானத்தின் நடுவில் ஒரு கூடாரம் தெரியும். ஒலியைக் கலக்கிச் சமன் செய்யும் பொறியாளர் அதற்குள் இருப்பார். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் அளவுகளைத் திருத்துகிறார். ஆகவே அந்தக் கூடாரத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடியில், நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி நில்லுங்கள். சரியாக நடுக்கோட்டில் நின்றால் இடது, வலது பாஸ் பெட்டிகளின் அதிர்வு ஒன்றோடொன்று கூடி வயிற்றைக் கலக்கும். ஹாரிஸின் பாஸ் கிட்டாரே அதற்குப் போதும், கூடுதல் உதவி தேவையில்லை.

அதற்கும் பின்னால் நிற்க நேர்ந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நின்றால் திரையில் டிரம் குச்சி விழுந்து ஏறத்தாழ 0.3 வினாடி கழித்தே சத்தம் வந்து சேரும். பெரிய மைதானங்களில் நடுவழியில் துணைக் கோபுரங்கள் நட்டு, மேடையிலிருந்து வரும் ஒலியோடு பொருந்தும்படி அவற்றின் ஒலியைத் தாமதப்படுத்தி விடுகிறார்கள். பின்பகுதியில் நிற்பவர்கள் அந்தக் கோபுரத்துக்குச் சற்றுப் பின்னால், அதன் முகம் பார்க்கும் பக்கத்தில் நின்றால் வார்த்தைகள் தெளியும். பலமான காற்று வீசும் நாளில் எங்கே நின்றாலும் சவுண்டு அலையலையாக வந்து போகும். அது பொறியாளரின் குற்றமல்ல.

உயரம் குறைவு. எதுவும் தெரியாதே?

தட்டையான மைதானத்தில் நெட்டையான ஐரோப்பியர்களுக்குப் பின்னால் நின்று திரையை மட்டும் பார்ப்பது வேதனைதான். நிற்கும் பகுதியைக் குறுக்கே பிரிக்கும் இரண்டாவது தடுப்புக் கம்பி இருந்தால், அதன் பின்பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி இடம் பிடியுங்கள். உங்களுக்கு நேர் முன்னால் காலி வழி இருக்கும். சாய்வான புல்வெளியில் நடக்கும் கச்சேரி என்றால் மேட்டில் நில்லுங்கள்.

முன்வரிசைக் கம்பியே வேண்டும் என்றால்?

காலையிலேயே வரிசையில் இருக்க வேண்டும். வாசல் திறந்ததும் ஓட விடமாட்டார்கள், வேகநடைதான். கம்பியைப் பிடித்தபின் கழிப்பறைக்குப் போனால் இடம் போயிற்று. அதனால் அங்கே நிற்பவர்கள் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், வெயிலில் மயங்கி விழுகிறார்கள். கம்பிக்கு அப்பால் நிற்கும் காவலர்கள் கோப்பையில் தண்ணீர் தருவார்கள். கேட்டு வாங்குங்கள்.

டிக்கெட் போனில் மட்டும்தான் வருகிறது. என்ன கவனிக்க வேண்டும்?

பார்கோடு கச்சேரிக்குச் சில நாள் முன்புதான் தெரியும். இன்னும் வரவில்லையே என்று பதற வேண்டாம். வந்ததும் போனின் வாலட்டில் சேமித்துவிடுங்கள். ஐம்பதாயிரம் பேர் ஒரே இடத்தில் கூடினால் இணையம் படுத்துவிடும், வாசலில் நின்றுகொண்டு செயலியில் நுழைய முடியாமல் தவிப்பவர்களை ஒவ்வொரு கச்சேரியிலும் பார்க்கலாம். குடும்பத்துக்கே ஒரு போனில் டிக்கெட் இருந்தால் எல்லோரும் சேர்ந்தே உள்ளே நுழைய வேண்டும். தனித்தனியாக வருவதாக இருந்தால் முந்தைய நாளே அவரவர் போனுக்கு மாற்றிவிடுங்கள்.

வெளியே நின்று விற்பவர்களிடம் வாங்கவே வேண்டாம். ஒரே பார்கோடின் படத்தைப் பத்துப் பேருக்கு விற்பார்கள், முதலில் வருபவருக்கு மட்டும் கதவு திறக்கும்.

என்ன கொண்டு போகலாம், என்ன உடுத்தலாம்?

பிரிட்டன் மைதானங்கள் பலவற்றில் ஏ4 தாள் அளவைவிடப் பெரிய பை செல்லாது. அந்தந்த மைதானத்தின் விதியைப் பாருங்கள், ஊருக்கு ஊர் மாறும். குடை, கண்ணாடிப் பாட்டில், செல்ஃபி குச்சி எதுவும் உள்ளே வராது. வெற்றுத் தண்ணீர் பாட்டிலை அனுமதிக்கும் இடங்கள் உண்டு, உள்ளே குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

கறுப்பு டிஷர்ட் சீருடை மாதிரி. குழுப் படங்கள் தைத்த ஜீன்ஸ் மேலங்கியும் அழகுதான். கூர்முனை பதித்த கைப்பட்டையையும் பர்ஸில் தொங்கும் சங்கிலியையும் வாசலில் பறித்துவிடுவார்கள். காலுக்குப் பழகிய, முன்பக்கம் மூடிய ஷூ. செருப்போடு போனால் முதல் பாட்டிலேயே யாராவது விரலை மிதிப்பார்கள்.

லண்டனில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும். துணைக் குழுக்கள் பாடி முடிக்கும்வரை நல்ல வெயில். நம் தோல் தாங்கும் என்று சன்ஸ்கிரீன் பூசாமல் போகிறவர்கள் மறுநாள் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பார்கள். சூரியன் மறைந்ததும் குளிரும். இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு மெல்லிய சட்டை போதும்.

மழை பெய்தால்?

கச்சேரி நடக்கும். மழைக்காக நிறுத்துவதில்லை. மடித்தால் பாக்கெட்டில் அடங்கும் பிளாஸ்டிக் மழையங்கியும், போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையும் எடுத்துப் போங்கள். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி இருந்தால் திரும்பும் ரயிலில் உங்களை வாழ்த்திக்கொள்வீர்கள். மைதானமல்ல, வயல்வெளியில் நடக்கும் இசைத் திருவிழா என்றால் கதையே வேறு. ஜெர்மனியின் வாக்கன் கிராமத்தில் 2023-இல் மழையில் வயல்கள் சேறாகி வண்டிகள் புதைந்ததால், டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோரை உள்ளே விடாமலே வாசலை மூடினார்கள். அங்கே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அவசியம்.

இடி மின்னல் வேறு விஷயம். ஜெர்மனியின் மெண்டிக்கில் நடந்த ராக் ஆம் ரிங் திருவிழாவில் 2015, 2016 இரு ஆண்டுகளிலும் மின்னல் தாக்கிப் பலர் காயமடைந்தார்கள். வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால் இடத்தை இழக்கிறோமே என்று நிற்காதீர்கள். மரத்தடியும் இரும்புக் கோபுரத்தடியும் ஆகாது. கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள்.

காதடைப்பான் உண்மையிலேயே தேவையா?

தேவை. 85 டெசிபெல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதற்குமேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி என்று இறங்கி, 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். ராக் கச்சேரியின் நடுப்பகுதியில் 100 சாதாரணம். அதை 15 குறைக்கும் காதடைப்பானைப் போட்டால் மறுபடி 85-க்கு வந்துவிடுகிறோம். மொத்தக் கச்சேரியையும் கேட்கலாம், மறுநாள் காதில் சீழ்க்கை ஒலிக்காது.

மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற மஞ்சள் அடைப்பான் மலிவு. ஆனால் சிம்பலின் ஒலியையும் பாட்டு வார்த்தைகளையும் அதிகமாக விழுங்கிவிடும். இசை கேட்பதற்கென்றே வடிகட்டி வைத்துச் செய்தவை எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் வரும்.

பஞ்சு வகையைப் பெரும்பாலோர் தவறாகப் போடுகிறார்கள். விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய குச்சிபோல ஆக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போதுதான் காதுத் துளை நேராகும். உடனே உள்ளே நுழைத்து, அது விரியும்வரை 20–30 வினாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்கும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை. கூட்டத்துக்குள் போகும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், பீர் பிடித்த கையோடு செய்கிற வேலையல்ல இது.

எத்தனை மணிக்கு மேடையேறுவார்கள்?

ஊர் விதிப்படி முடிக்க வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். லண்டனின் திறந்தவெளிக் கச்சேரிகளுக்கு இரவு 10.30 அல்லது 11 மணி கெடு. யாருக்காகவும் தளர்த்தமாட்டார்கள். 2012 ஜூலையில் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே, நேரம் கடந்ததென்று மைக்கை அணைத்துவிட்டார்கள். 10.30 கெடு என்றால் மெய்டன் 8.30-க்குச் சற்று முன்பின் வருவார்கள். பெரிய நட்சத்திரம், ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வருவார் என்ற நம்மூர்க் கணக்கு இங்கே செல்லாது.

கடிகாரத்தைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. ஒலிபெருக்கியில் யுஎஃப்ஓ குழுவின் ‘டாக்டர் டாக்டர்’ பாட்டு திடீரென்று உரக்க ஒலிக்கும். மெய்டனின் பல்லாண்டு வழக்கம் இது. அதுவரை ஓடியவை இடைவேளைப் பாட்டுகள், இது அழைப்பு மணி. அப்போது கழிப்பறை வரிசையில் நிற்பவர்கள் முகத்தில் ஒரு கலவரம் தெரியும். நீங்கள் அதில் ஒருவராக இருக்க வேண்டாம்.

முடிவிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. குழுவின் பெயரையே கொண்ட பாட்டைப் பாடி, கையசைத்து உள்ளே போவார்கள். ரயிலைப் பிடிக்க ஒரு கூட்டம் நகரத் தொடங்கும். 2025 பயணத்தில் அதன் பிறகுதான் சர்ச்சிலின் போர்க்கால உரை ஒலித்து, இன்னும் மூன்று பாட்டுகள் வந்தன. மான்டி பைதான் என்ற நகைச்சுவைக் குழுவின் ‘ஆல்வேஸ் லுக் ஆன் த பிரைட் சைடு ஆஃப் லைஃப்’ ஒலிக்கத் தொடங்கினால்தான் உண்மையாகவே முடிந்தது.

எந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்?

2025 பயணத்தில் 1980 முதல் 1992 வரை வந்த முதல் 9 ஆல்பங்களின் பாட்டுகள் மட்டுமே. ஒவ்வொரு இரவும் ஏறத்தாழ அதே வரிசை, இணையத்தில் கிடைக்கும். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கவிதையை வைத்துச் செய்த 13 நிமிடப் பாட்டு ஒன்று நடுவில் வரும். அந்த நேரத்தில் பீர் வாங்கப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகப் பரிதாபப்படலாம்.

எல்லோருக்கும் வயதாகிவிட்டதே, பழைய வேகம் இருக்குமா?

ஹாரிஸ், டேவ் மரே, ஏட்ரியன் ஸ்மித், ஜானிக் கெர்ஸ், புரூஸ் டிக்கின்ஸன் ஐவரும் 1956-க்கும் 1958-க்கும் இடையே பிறந்தவர்கள். டிக்கின்ஸன் நாக்கில் வந்த புற்றுநோயிலிருந்து 2015-இல் மீண்டவர், இன்றும் மேடையில் ஓடுகிறார். டிரம்மர் நிக்கோ மெக்பிரைன் 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தும் வாசித்தார். 2024 டிசம்பர் 7 அன்று சாவோ பாலோவில் வாசித்ததோடு சுற்றுப்பயணங்களிலிருந்து விலகினார். இப்போது வாசிப்பவர் ஹாரிஸின் இன்னொரு குழுவான பிரிட்டிஷ் லயனில் இருந்த சைமன் டாசன். நிக்கோவின் துள்ளலை எதிர்பார்ப்பவர்களுக்குச் சிறு ஏமாற்றம் இருக்கலாம்.

வீடியோ எடுக்கலாமா?

தடையில்லை. ஆனால் போனை இறக்கி வைத்துப் பாருங்கள் என்று மேலாளர் ராட் ஸ்மால்வுட் 2025-இல் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். ஒரு பாட்டுக்கு முப்பது வினாடி எடுத்துவிட்டுப் பையில் போடுங்கள். பின்னால் நிற்பவருக்கு உங்கள் கைதான் மேடை. தவிர, ரயில் நேரம் பார்க்க பேட்டரி மிச்சம் வேண்டுமே.

கூட்ட நெரிசலைப் பற்றிப் பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான். 1988 ஆகஸ்ட் 20 அன்று இங்கிலாந்தின் டோனிங்டனில் மெய்டன் தலைமைக் குழுவாக இருந்த கச்சேரிக்கு ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் வந்திருந்தார்கள். மழையில் சேறாகிப்போன தரை. பிற்பகலில் கன்ஸ் அன் ரோஸஸ் பாடியபோது கூட்டம் அலைபோலச் சரிந்ததில் இரண்டு ரசிகர்கள் இறந்தார்கள். 2000-இல் டென்மார்க்கின் ராஸ்கில்டேயில் இதேபோல ஒன்பது பேர். இன்று குறுக்குத் தடுப்புகளும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்துவிட்டன, ஆனாலும் அடையாளங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

கையைத் தூக்கி முகத்தைத் துடைக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதியுங்கள். முடியவில்லை என்றால், அல்லது நீங்கள் நகராமலே உடல் நகர்கிறது என்றால், கூட்டம் எல்லை மீறிவிட்டது. அப்போதே விலகுங்கள். அலைக்கு எதிராகத் தள்ளாதீர்கள். அலை வந்து ஓயும் இடைவெளியில் குறுக்குச் சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். குத்துச்சண்டைக்காரர்போல முன்கைகளை நெஞ்சுக்கு முன்னால் வைத்தால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். போன் கீழே விழுந்தால் குனியாதீர்கள், போகட்டும்.

நடுவில் வட்டமாக இடம் விட்டு இடித்துக்கொண்டு ஆடுகிறவர்களைக் கண்டு மிரள வேண்டாம். அது சண்டையல்ல. யார் விழுந்தாலும் உடனே நான்கு கைகள் தூக்கிவிடும், அதுதான் அங்கே எழுதாத சட்டம். வேண்டாதவர்கள் ஐந்தடி தள்ளி நின்றால் போதும்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

நிற்கும் பகுதியில் வயது வரம்பு இருக்கும், டிக்கெட் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். இருக்கைப் பகுதிக்கு அழைத்துப் போங்கள். பிள்ளைகளின் சிறிய காதில் அடைப்பான் நிற்காது, காதை முழுதாக மூடும் ஹெட்போன் வடிவப் பாதுகாப்பான் மாட்டுங்கள்.

சாப்பாடு, டிஷர்ட்?

பெரும்பாலும் ரொக்கம் வாங்கமாட்டார்கள், கார்டுதான். சைவத்துக்குச் சிப்ஸைத் தாண்டிப் பெரிதாக எதிர்பார்க்காமல், வயிறாரச் சாப்பிட்டுவிட்டே போங்கள். அந்த ஊர், அந்தத் தேதி அச்சிட்ட டிஷர்ட் வேண்டுமானால் உள்ளே நுழைந்ததும் வாங்குங்கள். நடுத்தர அளவுகள் முதலில் தீரும். வெளியே நடைபாதையில் பாதி விலைக்கு விற்பவை போலிகள், இரண்டு சலவையில் எட்டியின் முகம் உரிந்துவிடும்.

திரும்பி வருவது?

எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே நிலையத்துக்குப் போவார்கள் என்பதுதான் பிரச்சினை. 2025 ஜூன் 28 அன்று மெய்டன் பாடிய லண்டன் ஸ்டேடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (ஹாரிஸ் உயிரை விடும் வெஸ்ட் ஹாம் அணியின் மைதானம்). பெரிய நிகழ்ச்சி முடிந்தால் ஸ்ட்ராட்ஃபோர்ட் நிலையத்துக்குப் போகும் பாதையில் கூட்டத்தைப் பகுதி பகுதியாக நிறுத்தித்தான் விடுவார்கள். அவசரப்படாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம், அல்லது எதிர்த் திசையில் கொஞ்சம் நடந்து வேறு நிலையம் பிடிக்கலாம். லண்டன் பாதாள ரயிலில் சென்ட்ரல், ஜூபிலி உட்பட ஐந்து தடங்கள் வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் கடைசி ரயில் நேரத்தைப் போகும்போதே பார்த்துவிடுங்கள். நண்பர்கள் பிரிந்துபோனால் சந்திக்க ஒரு கம்பத்தையோ கடையையோ பகலிலேயே பேசி வையுங்கள், இரவில் போன் எடுபடாது.

கச்சேரி ரத்தானால்?

டிக்கெட் பணம் திரும்பும். விமானமும் ஓட்டலும் உங்கள் தலையில். 2011 அக்டோபர் 28 அன்று டெல்லி அருகே குர்கானில் நடக்கவிருந்த மெட்டாலிகா என்ற இன்னொரு மெட்டல் குழுவின் கச்சேரி கடைசி நேரத்தில் நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து பெங்களூரில் பாடினார்கள், ஆனால் டெல்லிக்குப் பறந்து வந்தவர்களின் செலவு செலவுதான். ரத்து செய்யக்கூடிய ஓட்டல் அறையாகப் பாருங்கள்.

மெய்டன் இந்தியாவுக்கு வந்திருக்கிறார்களா?

2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் முதல் கச்சேரி. 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில். விமானியான டிக்கின்ஸனே ஓட்டிவந்த ‘எட் ஃபோர்ஸ் ஒன்’ விமானத்தில் அந்த உலகப் பயணம் தொடங்கியது மும்பையிலிருந்துதான். 2009 பிப்ரவரியில் மறுபடி பெங்களூர்.

பாட்டு வரிகள் மனப்பாடமாகத் தெரியாது. கூட்டத்தோடு பாட முடியாதே?

‘ஃபியர் ஆஃப் த டார்க்’ தொடங்கும்போது கிட்டார் இழுக்கும் மெட்டையே மொத்த மைதானமும் ‘ஓ… ஓ… ஓ’ என்று பாடும். வரி எதுவும் கிடையாது. இரண்டாவது சுற்றில் உங்களுக்கும் வந்துவிடும்.